கேள்வி பதில்: ‘ஃபைல் சிஸ்டம் இல்லை’ என்கிறதா வீட்டு சர்வர்? ஃபார்மேட் பட்டனில் கை வைக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு சர்வரில் திறக்க மறுக்கும் டிஸ்க் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (ஈரோட்டு வாசகர்): வணக்கம் சார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அன்ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் சர்வர் மென்பொருள்) போட்டு நான்கு வருடமாக வீட்டு சர்வராக ஓட்டுகிறேன். டேட்டா டிஸ்க் நான்கு, பாரிட்டி டிஸ்க் ஒன்று, எல்லாமே 8 டிபி. போன வாரம் மழையில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. அதிலிருந்து மூன்றாவது டிஸ்கில் மட்டும் ‘அன்மவுண்டபிள்: ராங் ஆர் நோ ஃபைல் சிஸ்டம்’ என்று காட்டுகிறது. பச்சைப் புள்ளி எரிகிறது, அளவும் சரியாகத்தான் காட்டுகிறது. பாரிட்டி இருப்பதால் ஃபார்மேட் செய்துவிட்டு ரீபில்ட் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான் தம்பி. காலமான அப்பாவின் குரல் பதிவுகள் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: ஃபார்மேட் செய்யாதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு சர்வர் பக்கம் போனாலும் போதும், மீதியை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

தம்பி சொல்வது நிறையப் பேர் நம்புகிற விஷயம். அதை நம்பி மொத்தத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். பாரிட்டி டிஸ்குக்கு உங்கள் போட்டோவும் தெரியாது, அப்பாவின் குரலும் தெரியாது. எல்லா டிஸ்குகளிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளை எடுத்து, அவற்றில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் அது குறித்து வைக்கும். ஒரு டிஸ்க் செத்துப்போனால் மற்ற டிஸ்குகளையும் இந்தக் குறிப்பையும் வைத்து, செத்த டிஸ்கில் கடைசியாக என்ன இருந்ததோ அதை அப்படியே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம், இதைத்தான் ரீபில்ட் என்கிறோம். ‘கடைசியாக என்ன இருந்ததோ’ என்பதுதான் இங்கே முக்கியம். டிஸ்கில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் பாரிட்டியும் அப்போதே மாறுகிறது. நீங்கள் ஃபார்மேட் செய்தால், மூன்றாவது டிஸ்க் இப்போது காலி என்று பாரிட்டியும் அந்த நொடியே எழுதிக்கொள்ளும், பிறகு ரீபில்ட் செய்தால் சுத்தமான காலி டிஸ்க்தான் கிடைக்கும். ஃபார்மேட் செய்யாமல் நேராக ரீபில்ட் கொடுத்தாலும் பெரும்பாலும் இப்போது கெட்டிருக்கும் அதே ஃபைல் சிஸ்டம்தான் புது டிஸ்கில் வந்து உட்காரும், ஏனென்றால் கெட்டதையும் பாரிட்டி ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்று, அந்த ஃபார்மேட் பட்டன் ஒரு டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்யும் பட்டன் இல்லை. அந்த நேரத்தில் திறக்காத டிஸ்குகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் சேர்த்து ஃபார்மேட் செய்துவிடும். பக்கத்தில் இருக்கிற சின்னக் கட்டத்தில் டிக் வைத்தால்தான் பட்டன் வேலை செய்யும். அந்த டிக்கை வைக்காதீர்கள்.

சரி, நடந்தது என்னவென்று பார்ப்போம். பச்சைப் புள்ளி எரிகிறது, அளவு சரி என்கிறீர்கள். அப்படியென்றால் டிஸ்க் என்கிற பொருள் வேலை செய்கிறது, அதன்மேல் இருக்கிற ஃபைல் சிஸ்டம்தான், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்புதான், குழம்பியிருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு போட்டது என்பதால் அது எக்ஸ்எஃப்எஸ் என்கிற வகையாகத்தான் இருக்கும், அன்ரெய்டு வழக்கமாகத் தருவது அதைத்தான். எதற்கும் டிஸ்க் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிடிஆர்எஃப்எஸ் என்று வேறு வகை இருந்தால் நான் கீழே சொல்லும் கட்டளைகள் பொருந்தாது. எக்ஸ்எஃப்எஸ் நேற்று முளைத்தது இல்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1993-இல் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக உருவாக்கத் தொடங்கி, 2001-இல் லினக்ஸுக்கு வந்தது.

வணிகவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். நடந்ததை முதலில் குறிப்பேட்டில் பதிவது, பிறகு பேரேட்டில் ஏற்றுவது. எக்ஸ்எஃப்எஸ் செய்வதும் அதேதான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற மாற்றங்களை முதலில் லாக் என்கிற குறிப்பேட்டில் எழுதும், அப்புறம்தான் நிலையான இடத்தில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி ஆன் ஆகும்போது குறிப்பேட்டைப் பார்த்து விட்டதை ஏற்றிக்கொள்ளும். ஒரு தடவை கரண்ட் போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது இதனால்தான். உங்கள் வீட்டில் மூன்று தடவை போயிருக்கிறது, குறிப்பேடோ பேரேடோ ஏதோ ஒன்று பாதியில் நின்றிருக்கிறது.

முதல் வேலை, கடைசியாக ரீபூட் செய்த பிறகு இதுவரை நடந்ததைச் சேமிப்பது. அன்ரெய்டு ரேமில் ஓடுவதால் சிஸ்டம் லாக் (சர்வரில் நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு, மேலே சொன்ன குறிப்பேடு இல்லை) முழுக்க ரேமில்தான் இருக்கும், ரீபூட் செய்தால் போய்விடும். டூல்ஸ் பக்கத்தில் டயக்னாஸ்டிக்ஸ் என்று இருக்கும், அந்த ஜிப் ஃபைலை உங்கள் லேப்டாப்பில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அதில் சிஸ்டம் லாகைத் திறந்து மூன்றாவது டிஸ்க் பற்றிய வரிகளைத் தேடுங்கள். ‘மெட்டாடேட்டா கரப்ஷன்’, ‘ஸ்ட்ரக்ச்சர் நீட்ஸ் கிளீனிங்’ என்றெல்லாம் இருந்தால் கோளாறு ஃபைல் சிஸ்டத்தில். ‘ஐ/ஓ எரர்’ என்று வரிசையாக ஓடினால் டிஸ்கிலேயோ கேபிளிலேயோ கோளாறு, அப்போது கீழே சொல்லும் ரிப்பேரைத் தொடங்கக் கூடாது. முதலில் மெஷினை அணைத்துவிட்டு கேபிளைப் பாருங்கள். அப்படியே அந்த டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதியாக மேலே போகலாம். 197-க்கு நேரே எண் இருந்தால் படிக்க முடியாத இடங்கள் டிஸ்கில் இருக்கின்றன என்று பொருள், அதற்கு வழி வேறு, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். கரண்ட் போய் வந்ததால் பாரிட்டி செக் தானாக ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இப்போது அது அவசரம் இல்லை.

அடுத்து, அர்ரேயை (டிஸ்குகளின் மொத்தத் தொகுப்பை) நிறுத்தி மெயின்டனன்ஸ் மோடில் டிக் வைத்துத் தொடங்குங்கள். இந்த மோடில் எந்த டிஸ்கும் மவுண்ட் ஆகாது, அதாவது ஃபைல்களைப் படிக்கத் திறக்காது. மூன்றாவது டிஸ்கின் பெயரை அழுத்தினால் அதன் பக்கம் திறக்கும், அங்கே ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் பகுதி இருக்கும் (பதிப்புக்குப் பதிப்பு பட்டன்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம்). ஆப்ஷன் கட்டத்தில் மைனஸ் போட்டு சின்ன ‘என்’ இருக்கும். எதையும் மாற்றாதே, பார்த்துச் சொல் என்று அதற்கு அர்த்தம். முதலில் அப்படியே ஓடவிட்டு, வருவதைக் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாகப் பிழைகள் வந்தால் பதறவேண்டாம், ஒரே ஒரு இடம் கெட்டாலும் அதைச் சார்ந்த நூறு வரிகள் வரும்.

பிறகு அந்த ‘என்’னை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால்தான் உண்மையான ரிப்பேர். இங்கே உங்களுக்குப் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை வரும்: லாகில் முக்கியமான மாற்றங்கள் இன்னும் ஏற்றப்படாமல் இருக்கின்றன, மவுண்ட் செய்து ஏற்றிவிட்டு வா, முடியாவிட்டால் பெரிய ‘எல்’ போட்டு லாகை அழித்துவிட்டு ரிப்பேர் செய் என்கிற மாதிரி. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேரேட்டைச் சரிபார்ப்பதுதான் இந்த ‘எல்’. பெரும்பாலும் இழப்பு என்பது கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த சில ஃபைல்களோடு முடிந்துவிடும், பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் பெரும்பாலும் என்பது எப்போதும் இல்லை. உங்கள் அப்பாவின் குரல் இருக்கிற டிஸ்க் என்பதால் ‘எல்’ போடுவதற்கு முன் இன்னொரு வழியையும் முயன்று பார்க்கச் சொல்வேன். மெயின்டனன்ஸ் மோடில் இருக்கும்போதே டெர்மினலைத் திறந்து, அந்த டிஸ்கைப் படிக்க மட்டும் என்கிற ‘ஆர்ஓ’வும் ‘நோரெகவரி’யும் சேர்த்துக் கையால் ஒரு காலி ஃபோல்டரில் மவுண்ட் செய்து பாருங்கள். இது குறிப்பேட்டைத் தொடாமல் பேரேட்டை மட்டும் திறந்து காட்டும். திறந்துவிட்டால் குரல் பதிவுகளை முதலில் ஒரு யூஎஸ்பி டிஸ்குக்கு எடுத்து, அந்த யூஎஸ்பியை வேறு கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு பதிவையாவது ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் அன்மவுண்ட் செய்து ‘எல்’லுக்குப் போங்கள்.

டெர்மினலில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது டிவைஸ் பெயர். எம்டி என்று தொடங்கும் பெயரில் ரிப்பேர் செய்தால் பாரிட்டியும் கூடவே மாறும். மூன்றாவது டிஸ்க் என்றால் எம்டி3, 2023-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து எம்டி3பி1. எஸ்டி என்று தொடங்கும் பெயரில் நேராகக் கை வைத்தால் டிஸ்க் சரியானாலும் பாரிட்டி பொய்யாகிவிடும். அப்புறம், ரிப்பேர் தொடங்கியதும் திரையில் புள்ளி புள்ளியாக வந்துகொண்டே இருந்தால் அது மாற்று சூப்பர்பிளாக்கை, அதாவது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்களின் நகலை, தேடுகிறது என்று அர்த்தம். உண்மையிலேயே முதல் சூப்பர்பிளாக் கெட்டிருந்தால் தேடட்டும், விட்டுவிடுங்கள். ஆனால் நிறையத் தடவை, பார்ட்டிஷன் எண்ணை விட்டுவிட்டு மொத்த டிஸ்கின் பெயரைக் கொடுத்திருப்பார்கள், மணிக்கணக்கில் புள்ளி மட்டும் வரும். நிறுத்திவிட்டுப் பெயரைச் சரிபாருங்கள்.

ஏழு கட்டங்களும் முடிந்ததும் அர்ரேயை நிறுத்தி சாதாரண மோடில் தொடங்குங்கள். டிஸ்க் திறந்திருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். திறந்ததும் குரல் பதிவுகளை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியபடி ரிப்பேர் செய்தேன், டிஸ்க் திறந்துவிட்டது. ஆனால் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது, உள்ளே ஆயிரக்கணக்கில் வெறும் எண்களே பெயராக இருக்கும் ஃபைல்கள். இவற்றை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீங்க அம்மா. அவை உங்கள் ஃபைல்கள்தான். எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருந்தன என்கிற தகவல் மட்டும் தொலைந்திருக்கிறது, உள்ளே இருப்பது பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். எண் என்பது அந்த ஃபைலின் ஐநோடு எண், அதாவது ஃபைல் சிஸ்டம் உள்ளுக்குள் வைத்திருக்கும் அடையாள எண்.

முதலில் அந்த எண்களில் எவை ஃபோல்டர் என்று பாருங்கள். ஃபோல்டரின் பெயர் மட்டும் போய் உள்ளே இருக்கும் ஃபைல்கள் பழைய பெயரோடே இருப்பது உண்டு, நிறையப் பேருக்கு முக்கால்வாசி இதிலேயே மீண்டுவிடும். மீதி இருக்கிற தனி ஃபைல்களுக்கு, லினக்ஸில் ‘ஃபைல்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது, அது பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்த்து இது ஜேபெக், இது பிடிஎஃப், இது வீடியோ என்று சொல்லிவிடும். கேமராவிலோ போனிலோ எடுத்த போட்டோக்களுக்குள் எடுத்த தேதி பதிவாகியிருக்கும், எக்ஸிஃப்டூல் என்கிற இலவச நிரலை வைத்து அந்தத் தேதியையே பெயராக மாற்றிவிடலாம். கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் அடுத்தடுத்து வரிசையாக வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் மட்டும் அந்தத் தேதி இருக்காது, அவற்றைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். இந்த வேலையை அதே ஃபோல்டரில் செய்யாமல், மொத்தத்தையும் வேறு டிஸ்குக்குக் காப்பி எடுத்து அந்தக் காப்பியில் செய்யுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): எனக்கு ரிப்பேர் செய்தால் சரியாகிறது, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி அன்மவுண்டபிள். இதுவரை மூன்று தடவை. போன தடவை இரண்டாவது டிஸ்க், இந்தத் தடவை நான்காவது டிஸ்க். வீட்டில் யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் காரணம் இல்லை. டிஸ்க் கம்பெனியை மாற்றவா?

பதில்: டிஸ்கை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். வேறு வேறு டிஸ்கில் வருகிறது என்று நீங்கள் எழுதியதே எனக்குப் பாதிப் பதிலாக இருக்கிறது. டிஸ்க் மாறி மாறிக் கெட்டால் எல்லா டிஸ்குக்கும் பொதுவாக இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதாவது ரேம், பவர் சப்ளை, டிஸ்குகளை இணைக்கும் கார்டு.

நான் ரேமிலிருந்து தொடங்கச் சொல்வேன், அதற்குக் காரணம் என் வீட்டிலேயே நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் சர்வரில் இதே மாதிரி ஃபைல் சிஸ்டம் திரும்பத் திரும்பக் கெட்டது, நானும் கேபிளை மாற்றினேன், டிஸ்கை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் என்கிற ரேம் சோதனை நிரலை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று கெட்டிருந்தது, அதுவும் எப்போதும் இல்லை, ஒரே ஒரு முகவரியில், மெஷின் நன்றாகச் சூடான பிறகு மட்டும். டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது, அங்கே ஒரு பிட் புரண்டால் டிஸ்க் அதையே உண்மை என்று எழுதிக்கொள்ளும், பாரிட்டியும் எழுதிக்கொள்ளும், எங்கேயும் எரர் வராது. அந்தக் குச்சியைக் கழற்றியதோடு தொல்லை நின்றது. ஆனால் அந்த மாதங்களில் எழுதப்பட்ட வீடியோக்களில் சில நடுவில் உடைந்திருப்பதை இப்போதும் அவ்வப்போது கண்டுபிடிக்கிறேன், அது வலிக்கத்தான் செய்கிறது. நீங்கள் மெம்டெஸ்டை ஒரு சுற்றோடு நிறுத்தாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி இருந்தால் அணைத்துவிடுங்கள், சர்வருக்கு அந்த வேகம் தேவையில்லை.

ரேம் நன்றாக இருந்தால் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பவர் வயரிலிருந்து இரண்டு மூன்று டிஸ்குக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் இருக்கிறதா? டிஸ்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கும்போதுதான் மின்சாரம் அதிகம் இழுக்கும், மலிவான ஸ்பிளிட்டர் அந்த நொடியில் தாங்காது. சாட்டா கேபிள்கள் அழகுக்காக ஒரே கட்டாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், இறுக்கம் முனையில் இருக்கும் கனெக்டரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற எண்ணுக்கு நேரே இருப்பது கேபிள் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை. அது ஒருமுறை ஏறினால் இறங்காது, அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்று எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி கேஸின் உள்பக்கமே ஒட்டிவைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், ஏறியிருந்தால் மட்டும் அந்த டிஸ்கின் கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): என்னுடையது 2013-இல் அமைத்த அன்ரெய்டு, டிஸ்குகள் எல்லாம் ரைசர்எஃப்எஸ் என்கிற பழைய ஃபைல் சிஸ்டம். அப்டேட் செய்தால் டிஸ்க் திறக்காது என்கிறார்களே?

பதில்: பயம் நியாயமானதுதான். அன்ரெய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ், அதன் மையப் பகுதிதான் கெர்னல். 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.13-லிருந்து ரைசர்எஃப்எஸ் நீக்கப்பட்டுவிட்டது. அந்தக் கெர்னலையோ அதற்குப் பிந்தையதையோ வைத்து வரும் எந்தப் பதிப்பிலும் உங்கள் டிஸ்க் திறக்காது, ஆனால் டிஸ்கில் ஒரு பைட்டும் கெட்டிருக்காது, பழைய பதிப்புக்குத் திரும்பினால் திறக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் ஃபார்மேட் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. இப்போது இருக்கிற பதிப்பிலேயே ஒரு காலி டிஸ்கை எக்ஸ்எஃப்எஸ் ஆக்கி, பழைய டிஸ்க் ஒன்றை முழுக்க அதற்குக் காப்பி எடுத்துச் சரிபார்த்துவிட்டு, காலியான பழையதை எக்ஸ்எஃப்எஸ் ஆக்கி அடுத்ததற்குப் போங்கள். எல்லா டிஸ்கும் முடிந்த பிறகு அப்டேட்.

கேள்வி (சேலம் வாசகர்): இன்வெர்ட்டர் இருக்கும்போது தனியாக யூபிஎஸ் எதற்கு?

பதில்: இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் போட்டால் கரண்ட் மாறுகிற நொடியில் சர்வர் அணையாமல் தப்பிக்கும். பிரச்சினை பேட்டரி தீரும்போது. பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல சாதாரண வீட்டு இன்வெர்ட்டரால் முடியாது, சட்டென்று இருட்டாகிவிடும். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்தால், கரண்ட் போய் இத்தனை நிமிடம் ஆனால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகு என்று அன்ரெய்டின் செட்டிங்ஸிலேயே சொல்லி வைக்கலாம். ஐந்து நிமிடம் போதும், அரை மணி நேரம் ஓட்ட வேண்டியதில்லை. வைத்த பிறகு, யாரும் எதுவும் எழுதாத நேரத்தில் யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, சர்வர் தானாக அணைகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம், கோவை): டிஸ்க் அன்மவுண்டபிள். ஸ்மார்ட்டில் 197-க்கு நேரே 300-க்கு மேல் காட்டுகிறது. நேற்றிலிருந்து டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் போட்டேன், ‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது. பாரிட்டி போடவில்லை, வேறு காப்பியும் இல்லை.

பதில்: விண்டோஸுக்கு எக்ஸ்எஃப்எஸ் தெரியாது, அதனால் நல்ல டிஸ்கையும் அப்படித்தான் சொல்லும், அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெட்டியில் கேன்சல் மட்டும் அழுத்துங்கள். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில்தான் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தம் வரும் டிஸ்கில் ரிப்பேர் ஓட்டக் கூடாது, ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தட்டின் மேல் கீறல் விழலாம். இப்போதே கரண்டிலிருந்து கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது சினிமாவும் பாட்டும்தான், திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்றால், குறைந்தது அதே அளவுள்ள புது டிஸ்க் ஒன்று வாங்கி, லைவ் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற நிரலால் மேப் ஃபைல் வைத்து நகல் எடுங்கள். அது முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில்தான் வரும், நடுவில் நின்றாலும் மேப் ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் பெயர் எந்த டிஸ்க், இரண்டாவது பெயர் எந்த டிஸ்க் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், மாறிப்போனால் காலி டிஸ்கை எடுத்து நிறைந்த டிஸ்கின் மேல் எழுதிவிடும். ரிப்பேர் எதுவானாலும் நகலில் மட்டும்.

இரண்டாவது முறை கிடைக்காத விஷயம் உள்ளே இருந்தால், நகல் எடுக்கக்கூட நீங்கள் முயலவேண்டாம். டிஸ்கைத் திறக்கத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனமாகப் பார்த்துக் கொடுங்கள், தெருமுனைக் கடையில் கொடுக்காதீர்கள். செலவு பல ஆயிரங்களில் வரும். கொடுக்கும்போது, சத்தம் எப்போது தொடங்கியது, அதற்குப் பிறகு எத்தனை தடவை ஆன் செய்தீர்கள், எந்தக் கருவியில் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.